பின்னாடி ஆள்

ஜூன் 4

கொசுவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது ஒற்றைச் செருப்போடு. இடது கால் செருப்பு உங்கள் கம்ப்யூட்டர் ஆட்ட அரங்கத்தில் நாற்காலி வரிசைக்கு நடுவில் எங்கேயோ கிடக்கிறது. அந்தச் செக்யூரிட்டி என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப்போன வேகத்தில் கால் வந்தது, செருப்பு வரவில்லை. "ஐயா, செருப்புங்க" என்றேன். "மொதல்ல வெளிய வாங்க, செருப்ப அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. பஸ்ஸில் ஒரு அம்மா என் காலைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். வேண்டாம் என்றால் முழுக் கதையையும் சொல்ல வேண்டி வரும். அதனால் நொண்டியபடியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

கேம்ப் நடக்கும்போது உங்கள் போன் எல்லாம் மேனேஜர் பெட்டிக்குள் போய்விடும் என்று தெரியும். காகிதத்தை மட்டும் தடை பண்ணவில்லை. இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிற மடையன் ஒருத்தன் இருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நேற்று நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள். அரையிறுதி, கடைசி ரவுண்டு. உங்கள் ஐந்து பேரில் நீ ஒருத்திதான் உயிரோடு. அவர்களில் ஒருத்தன். நீ மேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், உன் தலைக்கு மேல் பெரிய திரை. அந்தத் திரையில் எங்களுக்கு இரண்டு பேரும் தெரிகிறீர்கள். உனக்குத் தெரிவது உன் துப்பாக்கியும் அதற்கு முன்னால் இருக்கிற கதவும் மட்டும். அவன் படிக்கட்டில் பூனை மாதிரி இறங்கி உன் முதுகுக்கு வருகிறான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறவன்? கோடவுன் யார்டில் ரிவர்ஸ் வருகிற லாரிக்குப் பின்னால் நின்று கத்துகிறவன். "வா வா வா, ஒடி, இன்னும் ஒடி, போதும்." குறுக்கே எவனாவது வந்துவிட்டால் "பின்னாடி ஆள்!" இத்தனை வருஷமாக எனக்குச் சம்பளமே இந்த வாய்க்குத்தான். அது என்னைக் கேட்டா திறக்கும்? அதுவாகவே திறந்துவிட்டது, மா.

நீ திரும்பினாய், சுட்டாய், அவன் விழுந்தான். கைதட்டப் போகிறார்கள் என்று நானும் கையைத் தூக்கினேன். பார்த்தால் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியிருக்கிறது.

உன் காதில் ஹெட்போன் இருந்தது. அதனால் நீயாகத்தான் திரும்பியிருப்பாய். அப்படித்தானே? உன் அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டு வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

செருப்பு கிடைத்தால் எடுத்து வை.

உன் அப்பன்.


ஜூன் 8

அப்பா,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

செருப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். யாரோ போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "கொசுவின் ஆறாவது ஆட்டக்காரர்" என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறது.

எதிரணி புகார் கொடுத்துவிட்டது. முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்காரப் போகிறது. நான் உங்கள் குரலைக் கேட்டுத்தான் திரும்பினேன் என்று அவர்கள் முடிவு பண்ணினால் அணி வெளியே, எனக்கு ஒரு வருஷம் தடை. இந்த ஆட்டத்தில் ஒரு வருஷம் சும்மா இருந்தவளை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள், அப்பா. என் வயதிலேயே என்னைவிட வேகமான கை வரிசையாக நிற்கிறது.

கோச் கேட்டார், "கேட்டுச்சா?" இல்லை என்றேன். கேப்டன் அண்ணன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவரிடமும் இல்லை என்றேன். காதுக்குள் ஒரு சின்ன இயர்போன், அதில் ஆட்டத்தின் சத்தம். அதற்கு மேலே பெரிய ஹெட்செட், அதில் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல். கூட்டம் கத்துவது எங்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடே. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ சொன்னா சரி" என்று போய்விட்டார். மறுநாள் குழுவிடம் எனக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

உங்களையும் கூப்பிடுவார்கள். அதுவரை யாரிடமும் எதுவும் பேசாதீர்கள். முக்கியமாக யார்டில். இனி என் ஆட்டம் எதற்கும் வர வேண்டாம்.

நான்.


ஜூன் 11

கொசு,

யார்டில் பேசாதே என்று நீ எழுதினது நேற்றுத்தான் வந்தது. நான் அதற்கு முந்தின நாளே பேசிவிட்டேன். கோபப்படாமல் படி.

குழுவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்துவிட்டது. அன்றைக்கு எதற்காகக் கத்தினேன் என்று நேரில் வந்து விளக்க வேண்டுமாம். நானும் நம்ம ஃபோர்க்லிஃப்ட்காரரும் உட்கார்ந்து ஒரு கதை தயார் பண்ணியிருக்கிறோம். என் பின் வரிசையில் ஒருவர் என் நாற்காலியின் மேல் ஏற வந்தார், அவரைத்தான் "பின்னாடி ஆள்" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னேன், ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை. எப்படி? நாற்காலியில் ஏற வந்தது நான்தான் என்று சாட்சி சொல்ல ஃபோர்க்லிஃப்ட்காரர் தயார். அவர் அன்றைக்கு யார்டில் வேலையில் இருந்தார் என்பது ஒன்றுதான் இடிக்கிறது. "அத யாருண்ணே கேக்கப் போறா?" என்கிறார். கதையை உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து முதல் முறையாக வாயைத் திறந்தாள். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மூளையாவது இருக்கும்னு நெனச்சேன்."

இன்னொன்று. அந்த ஹெட்போனுக்குள் எதுவும் கேட்காது என்று நீ எழுதியிருந்தாய். எங்களுக்கும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஃபோர்க்லிஃப்ட்காரர் தன் மகனுடைய பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்து மாட்டி, பாட்டை முழுசாக வைத்துக்கொண்டு, ஒரு லாரி கேபினில் ஏறிக் கண்ணாடியை ஏற்றி, இன்ஜினையும் ஓடவிட்டு உட்கார்ந்தார். நான் யார்டின் அந்தக் கோடியில் போய் நின்றேன். உங்கள் அரங்கத்தைவிடத் தூரம். "பின்னாடி ஆள்!" என்றேன்.

மனுஷன் பிரேக்கை மிதித்த மிதியில் தலை போய்க் கண்ணாடியில் இடித்தது. லாரி நின்றுகொண்டுதான் இருந்தது.

யார்டே சிரித்தது. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். இந்த வரி வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இப்போது பேனா நகரவில்லை.

கொசு, உனக்குக் கேட்டதா?

அப்பா.


ஜூன் 14

அப்பா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

கேட்டது.

கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மழைச் சத்தத்துக்கு நடுவில் முதுகில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. உடம்பு திரும்பிவிட்டது, கை சுட்டுவிட்டது. அதற்கப்புறம்தான் அது நீங்கள் என்று எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு உங்கள் யார்டுக்கு வந்து நிற்பேனே, உங்கள் வேலை முடிகிறவரைக்கும். அந்தக் குரல் வந்தால் யாராக இருந்தாலும் நின்று திரும்ப வேண்டும், அப்புறம்தான் யோசிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னது நீங்கள்தான். நான் அதைத்தான் செய்தேன்.

திரும்புவதற்கு எனக்கு வேறு எந்தக் காரணமும் இல்லை, அப்பா. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. அவன் ஓடி வந்திருந்தால் காலடி கேட்டது என்று சொல்லலாம். அவன் மெதுவாக நடந்து வந்தான். எங்கள் ஆட்டத்தில் மெதுவாக நடந்தால் காலடிச் சத்தம் வராது. அது குழுவுக்கும் தெரியும். "ஏன் திரும்புனே?" என்று கேட்டார்கள். "உள்ளுணர்வு" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

கேப்டன் அண்ணன் தினமும் பயிற்சி முடிந்ததும் என் தோளில் தட்டிவிட்டுப் போகிறார். எனக்குக் கூசுகிறது.

நாற்காலிக் கதையைச் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள். வேறு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். பொய் சொல்லுங்கள் என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். மேலே தெரிகிற கிறுக்கல் அதுதான்.

உங்கள் இஷ்டம்.

நான்.


ஜூன் 18

கொசு,

போய் வந்தேன். நீ தப்பித்தாய். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படிக்கலாம்.

நாற்காலிக் கதைக்கு வேலையே வரவில்லை. உள்ளே போனதும் வீடியோவைப் போட்டார்கள். திரையில் என் வாய் ஒரு குகை மாதிரி திறந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு பின் வரிசைக்காரரைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. "என் பொண்ணுக்குத்தாங்க கத்தினேன், பழக்கதோஷம்" என்றேன். குழுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அவர்தான் தலைவி போல, "அது சரிங்க, அந்தப் பொண்ணுக்குக் கேட்டிருக்குமா? அதான் கேள்வி" என்றார். என்னை அழைத்துக்கொண்டு அரங்கத்துக்குள் போனார்.

காலி நாற்காலிகள். மேடையில் நீ உட்கார்ந்த அதே இடத்தில் அந்த அம்மா உட்கார்ந்து, காதுக்குள் அந்தச் சின்னதை வைத்து, மேலே பெரிய ஹெட்செட்டை மாட்டி, இரைச்சலைப் போட்டுக்கொண்டார். என்னை அதே வரிசையில், அதே நாற்காலியில் நிறுத்தினார்கள். பக்கத்தில் யார் தெரியுமா? என்னைத் தூக்கிப்போன அதே செக்யூரிட்டி.

"அன்னைக்குக் கத்தின மாதிரியே கத்துங்க" என்றார்கள்.

சத்தம் போடுவதில் இரண்டு விதம் உண்டு, மா. வயிற்றிலிருந்து எடுத்தால் அது ஓடும். சுவர், கண்ணாடி, இன்ஜின் எல்லாவற்றையும் தாண்டிப் போய் ஆளைப் பிடிக்கும். தொண்டையிலிருந்து எடுத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பெரிதாகத்தான் கேட்கும், ஆனால் நாலு வரிசை தாண்டுவதற்குள் கீழே விழுந்துவிடும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. கழுத்து நரம்பு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் புடைக்கும்.

மூச்சை இழுத்தேன். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கிழிக்கச் சொன்னாய், கிழிக்கவில்லை. இழுத்த மூச்சைப் பாதியில் நிறுத்தி, தொண்டையிலிருந்து கத்தினேன்.

அந்த அம்மா திரும்பவில்லை.

"இன்னொரு தடவ." கத்தினேன். திரும்பவில்லை. "ஏங்க, அவ்வளவுதானா உங்க குரல்?" என்று ஒருவர் கேட்டார். "வயசாகுதுங்க" என்றேன். 'கேட்டிருக்க வாய்ப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

வாசல் வரை செக்யூரிட்டி கூட வந்தார். போகும்போது என்னைப் பார்க்காமல், "அன்னைக்கு எனக்குக் காதே அடைச்சுப் போச்சுங்க ஐயா" என்றார். உள்ளே திரும்பிப் போய்ச் சொல்வாரோ என்று வாசலுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன், யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. சொல்லவில்லை.

ஆக, நீ தப்பித்தாய். சந்தோஷமாக ஆடு. இன்றைக்கு யார்டில் எனக்குக் குரல் எழும்பவில்லை. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, இருக்கீங்களா போய்ட்டீங்களா, சத்தமே காணோம்?" என்றார். ஜலதோஷம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா.


ஜூன் 22

அப்பா,

நான் சொல்லிவிட்டேன்.

என் மேல் குற்றமில்லை என்று சொல்வதற்காகக் குழு எங்களைக் கூப்பிட்டது. அணி முழுக்க வந்திருந்தது. நீங்கள் கத்தின பதிவை ஆதாரமாக எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கோச் சிரித்தார். மேனேஜர் கை தட்டினார். நான் அந்தப் பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

அது உங்கள் குரல் இல்லை, அப்பா. அந்தக் குரலை நம்பி லாரிக்குப் பின்னால் ஒரு நாய்கூடப் போகாது. உங்கள் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்காக நீங்கள் அதைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறீர்கள், அதைப் போட்டுக் காட்டி எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"கேட்டுச்சு" என்றேன். "எனக்குக் கேட்டுச்சு. அதனாலதான் திரும்பினேன்."

கேப்டன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அதுதான் தடையைவிட மோசமாக இருந்தது.

நானாகச் சொன்னதால் தடை இல்லை என்று தீர்ப்பு. அந்த ஒரு ரவுண்டு செல்லாது. அதை மட்டும் மறுபடி ஆட வேண்டும், கூட்டத்துக்கு முன்னால், 27ஆம் தேதி மதியம். தோற்றால் அணி என்னை வைத்துக்கொள்ளாது என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

நீங்கள் வர வேண்டும். குழுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அதே நாற்காலி, பக்கத்தில் செக்யூரிட்டி உட்காருவார், அதுதான் நிபந்தனை. வர வேண்டாம் என்று எழுதினவள் நான்தான். ஆனால் இந்த இரண்டு வாரமாகப் பயிற்சியில் ஒவ்வொரு மூலையிலும் என் காது உங்களைத்தான் தேடுகிறது. நீங்கள் அங்கே இருந்து, வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் அது தேடுவதை விடும்.

எதைப் பார்த்தாலும் சரி, அப்பா. எதைப் பார்த்தாலும்.

செருப்பை இதோடு பார்சலில் வைத்திருக்கிறேன்.

நான்.


ஜூன் 28

கொசுவுக்கு அப்பா எழுதுவது.

நீ கணக்கு முடித்துப் பெட்டி கட்டி வருவதற்கு மாசம் முடிந்துவிடும் என்றாய். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நேரில் பார்த்தால் நான் வேறு எதையாவது உளறி மழுப்பிவிடுவேன்.

நேற்று உள்ளே வந்து உட்கார்ந்ததும் இரண்டு செருப்பையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தூக்கிப்போனாலும் இந்தத் தடவை ஜோடியாகப் போகலாமே என்றுதான். செக்யூரிட்டி பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தூக்க மாட்டேங்க ஐயா" என்றார். "நான் கத்த மாட்டேன்னு அவ்வளவு நம்பிக்கையா?" என்றேன். "எனக்கு இல்லீங்க, உங்க பொண்ணுக்கு இருக்கு" என்றார்.

உன் கேப்டன் மேடையில் உன் பக்கத்தில் உட்காரும்போது உன்னைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தேன். ஆட்டம் ஆரம்பித்து, ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் அவரும் சுடப்பட்டு விழுந்தபோது, ஹெட்செட்டைக் கழற்றாமல் உன் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அதையும் பார்த்தேன். மறுபடியும் நீ ஒருத்தி. மறுபடியும் அவன் ஒருத்தன்.

இந்தத் தடவை அவன் படிக்கட்டில் வரவில்லை. ஜன்னல் வழியாக வந்தான். நீ படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

குறுக்கே ஆள் இருப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்ற நாள் என் பிழைப்பில் கிடையாது. அப்படி நின்றால் எங்கள் யார்டில் அதற்குப் பெயரே வேறு. வயிற்றிலிருந்து அது கிளம்பிவிட்டது, மா. நெஞ்சுக்கு வந்தது. தொண்டைக்கு வந்தது. நான் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தேன். செக்யூரிட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அவன் உன் முதுகுக்கு வந்து நின்றான். நீ சட்டென்று அசையாமல் போனாய். மேடையில் உன் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. காதைக் கொடுக்கிறாய். அவன் காலடிக்காகவா, எனக்காகவா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்கவும் மாட்டேன்.

அப்புறம் திரை சிவந்தது.

கூட்டம் கத்தின கத்தலில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. உன் கேப்டன் எழுந்து வந்து உன் தலையில் கை வைத்தார். எதிரணிப் பையன், புகார் கொடுத்தவன், மேடையைச் சுற்றி வந்து உனக்குக் கை கொடுத்தான். மேனேஜர் மட்டும் தூரத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலேயே உன் வேலை போனது தெரிந்தது.

பின்வாசலில் நீ வந்து என் முன்னால் நின்றாய்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"எப்பருந்து?"

"ஜன்னல்லருந்து."

"ம்" என்றாய். நான் செருப்புகளை இன்னும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து அவற்றை வாங்கிக் கீழே போட்டு, "போட்டுக்கோங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய். உன் கை ஜில்லென்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள், "கத்துனீங்களா?" இல்லை என்றேன். நம்பவில்லை. நாக்கைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இன்றைக்கும் காரம் சாப்பிட முடியவில்லை.

காலையில் யார்டில் குரல் திரும்பி வந்துவிட்டது. லாரிக்காரர்கள் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நேற்று தொண்டை வரை வந்து நின்ற ஒன்று இன்னும் அங்கேயே இருக்கிறது. வேறு எத்தனை தடவை கத்தினாலும் அது மட்டும் இறங்கவில்லை. அங்கே சத்தமாகச் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். காகிதத்துக்குக் குரல் இல்லை, எந்தக் குழுவும் வந்து கேட்காது.

பின்னாடி ஆள், மா. பின்னாடி ஆள்.